வான்கோழி: ஊர் மாறி, பேர் மாறி வந்த பறவை



ஒக்டோபர் மாதம் பிறந்துவிட்டால் எமது நிகழ்ச்சிக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் ஒரு விடயம் தவறாமல் இடம்பெறும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் காகிதத்தில் வான்கோழி வெட்டி ஒட்டிக்கொண்டு வந்து, "எங்கட வீட்டில ஏன் இது சமைக்கிறேல்லை?" என்று கேட்கிறார்கள். தாய்மாருக்கு அந்தப் பெரிய பறவையை எப்படிக் கையாள்வது என்ற பயம். அம்மம்மாமாருக்கு வேறு கவலை: நன்றியறிதல் நாளுக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை, மிஞ்சிய மச்சத்தை என்ன செய்வது? இன்னும் சிலருக்கு இவற்றைவிடப் பாரமான கேள்வி ஒன்று இருக்கிறது. நவம்பரின் நான்காவது வியாழன் சில ஆண்டுகளில் 27ஆம் திகதியாகவே வந்துவிடுகிறது. 2014இல் அப்படி வந்தது, 2025இலும் வந்தது, அடுத்ததாக 2031இல் வரும். அன்று மாலை படத்துக்கு முன் விளக்கேற்றுகின்ற வீடுகள் எம்மிடையே பல உண்டு. அந்த வீட்டு மேசையில் அன்றைக்கு விருந்து வைப்பதா?

இந்தக் கடைசிக் கேள்விக்குத் தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. நான் கணக்குப் பார்ப்பவன். ஆனால் இந்தப் பறவை எங்கிருந்து வந்தது, இந்த நாள் எப்படி வந்தது, கடையில் நாம் கொடுக்கும் காசு எதற்குப் போகிறது, சமையலறையில் எதைக் கவனிக்க வேண்டும் என்பவற்றைத் தேடிப் பார்த்திருக்கிறேன். ஒலிபரப்பில் நேரம் போதாமல் விட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர். இந்தப் பறவைக்குச் சரியான ஊரின் பெயரை வைத்தவர்கள் மிகக் குறைவு. ஆங்கிலேயர் இதைத் துருக்கி நாட்டின் பெயரால் அழைத்தார்கள். துருக்கியரோ 'ஹிந்தி' என்கிறார்கள், அதாவது இந்தியாவில் இருந்து வந்தது. பிரெஞ்சு மொழிப் பெயருக்கும் 'இந்தியாவினது' என்பதுதான் பொருள். போர்த்துக்கேயர் 'பெரு' என்றார்கள். இது பெரு நாட்டுப் பறவையும் அல்ல. அந்தச் சொல்தான் ஹிந்தி மொழிக்குள் போய் 'பீரு' ஆனது. மலாய் மொழியில் இது 'ஒல்லாந்தர் கோழி'. அந்த ஒல்லாந்தர் தாங்கள் வைத்துக்கொண்ட பெயர் 'கல்கூன்'. அது வேறொன்றும் இல்லை, எங்கள் அயலில் உள்ள கள்ளிக்கோட்டையின் பெயர்! 1498இல் வாஸ்கோ ட காமா வந்து இறங்கிய ஊர் என்பதால், கப்பலில் வரும் புதுமையான பொருள் எல்லாம் அங்கிருந்துதான் வருகிறது என்று ஐரோப்பியர் நினைத்த காலம் அது. 1796 வரை இலங்கையின் கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் விட்டுப்போன சொற்களில் இதுவும் ஒன்று. சிங்களத்தில் இன்றைக்கும் வான்கோழியைக் 'களுக்குமா' என்பார்கள்.

தமிழுக்கு வருவோம். மயில் ஆடுவதைப் பார்த்துத் தானும் ஆட முனைந்த வான்கோழியைப் பற்றி நாம் எல்லோரும் சின்ன வகுப்பில் மூதுரையில் மனனம் செய்தோம். கல்லாதவன் கவி சொல்வதற்கு ஔவையார் காட்டிய உவமை அது. இதிலே ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தப் பறவை அமெரிக்கக் கண்டத்துக்கே உரியது. 1492இல் கொலம்பஸ் கடல் கடப்பதற்கு முன்னர் ஆசியாவில் ஒருவரும் இதைக் கண்டிருக்க முடியாது. ஆகவே அந்தப் பாட்டு அதற்கு முற்பட்டது என்றால், அதிலே வரும் வான்கோழி வேறொரு பறவையாக இருக்க வேண்டும். பிறகு கப்பலில் வந்த புதுப்பறவைக்கு அந்தப் பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பாட்டு நாம் நினைக்கிற அளவுக்குப் பழையது அல்ல. எது சரி என்று தமிழறிஞர்கள் முடிவு செய்யட்டும். நான் பறவையின் பக்கம் ஒரு வார்த்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். கோழி, மயில், வான்கோழி மூன்றும் விலங்கியலில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. வான்கோழிச் சேவல் வாலை விசிறிபோல விரித்து ஆடுவது அதன் பிறவிக் குணம். காட்டில் மயிலையே காணாத அமெரிக்க வான்கோழியும் அப்படித்தான் ஆடுகிறது. அது மயிலைப் பார்த்துப் பழகிய ஆட்டம் அல்ல.

இந்தியாவுக்கு இது வந்ததற்கு நல்ல சாட்சி ஒன்று உண்டு. 1612இல் மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீருக்காக முகர்ரப் கான் என்ற அதிகாரி கோவாவில் போர்த்துக்கேயரிடம் இருந்து சில விசித்திரமான விலங்குகளையும் பறவைகளையும் வாங்கி வந்தார். அதில் ஒன்று வான்கோழி. அதன் தலையும் கழுத்தும் நேரத்துக்கு நேரம் நிறம் மாறுவதைப் பார்த்து அதிசயித்து, அரசர் தமது நினைவுக் குறிப்பில் எழுதிவைத்தார். அரண்மனை ஓவியர் மன்சூர் அதை வரைந்தார். அந்தப் படம் இப்போது இலண்டன் விக்ரோறியா அல்பேர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இணையத்தில் தேடினால் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

சரி, உண்மையான ஊர் எது? மெக்சிக்கோ. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே அங்குள்ள மக்கள் இதை வீட்டுப் பறவை ஆக்கிவிட்டார்கள். இன்றைய ஐக்கிய அமெரிக்காவின் தென்மேற்கில் வாழ்ந்த பழங்குடிகளும் தனியாக வான்கோழி வளர்த்தார்கள். அவர்கள் நெடுங்காலம் இறைச்சியைவிட இறகுக்காகவே வளர்த்தார்கள், குளிருக்கு இறகுப் போர்வை செய்தார்கள். மெக்சிக்கோவில் மிளகாயையும் பல சரக்குகளையும், சில வேளை கொக்கோவையும் அரைத்துக் காய்ச்சும் 'மொலே' என்ற குழம்பில் இதைப் போடுவது இன்றைக்கும் பெரிய விருந்து. வேலையிடத்தில் மெக்சிக்கோ நண்பர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள், வாயூறச் சொல்வார்கள். எங்கள் மிளகாயும் அந்தப் பக்கத்தில் இருந்து போர்த்துக்கேயக் கப்பலில் வந்ததுதான். ஆகவே "வான்கோழியைக் கறி வைத்தால் அமெரிக்கர் சிரிப்பார்கள்" என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். உப்பும் மிளகும் வெண்ணெயும் பூசி வாட்டுவது பிறகு வந்த பழக்கம். மிளகாய்க் குழம்பு அதற்கு முந்தியது.

1500களின் தொடக்கத்தில் ஸ்பானியர் இதைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து ஐரோப்பா முழுவதும் பரவியது. 1600களில் ஆங்கிலக் குடியேற்றக்காரர் இந்த வீட்டு வான்கோழியைக் கப்பலில் ஏற்றி மீண்டும் அமெரிக்காவின் கிழக்குக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு அது உள்ளூர்க் காட்டு வான்கோழியுடனும் கலந்தது. இன்று கடையில் உறைந்து கிடக்கும் பறவையின் முன்னோர் அத்திலாந்திக் கடலை இரண்டு தடவை கடந்தவர்கள்.

இனி, நாம் குடியிருக்கும் இந்த நியூ ஜேர்சி மண்ணைப் பற்றிக் கொஞ்சம். கலிபோர்னியா, ரெக்சாஸ் நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், உங்கள் பக்கமும் வருவேன். இந்த மாநிலத்தின் பூர்வீகக் குடிகள் லெனாப்பே மக்கள். அவர்களுடைய மூன்று பெருங்குலங்களின் பெயர் ஓநாய், ஆமை, வான்கோழி. அதாவது எங்களுக்கு முன்னர் இந்த நிலத்தில் "நான் வான்கோழிக் குலத்தவன்" என்று சொல்லிக்கொண்டு மனிதர் வாழ்ந்தார்கள். வான்கோழி இறகால் போர்வை பின்னி அணிந்தார்கள். 1758இல் பேர்லிங்ரன் கவுன்ரியில் பிறதர்ரன் என்ற இடத்தில் அவர்களுக்கென்று ஒரு நிலத்துண்டு ஒதுக்கப்பட்டது. மற்ற நிலங்களுக்கான உரிமையை அவர்கள் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. 1802 அளவில் அதையும் விற்றுவிட்டு, அங்கு மிஞ்சியிருந்தவர்களில் பெரும்பாலோர் நியூ யோர்க் பக்கம் போனார்கள். லெனாப்பே மக்களின் சந்ததியினர் இன்று ஒக்லஹோமா, விஸ்கொன்சின், கனடாவின் ஒன்ராரியோ என்று சிதறி வாழ்கிறார்கள். இங்கேயே தங்கிவிட்ட சமூகங்களும் உண்டு. ஒரு இனம் இப்படி ஊர் ஊராக நகர்த்தப்படுவது எப்படி என்று எம்மவருக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை.

அந்த மக்கள் போன வழியிலேயே பறவையும் போனது. காடுகளை வெட்டியதாலும் கணக்கில்லாமல் சுட்டுத் தின்றதாலும் 1800களின் நடுப்பகுதியில் நியூ ஜேர்சியில் காட்டு வான்கோழி முற்றாக அழிந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் இங்கே அந்தப் பறவை இல்லை. 1977இல் மாநிலத்தின் மீன், வனவிலங்குப் பிரிவு வெறும் 22 பறவைகளைக் கொண்டுவந்து காட்டில் விட்டது. பெருகிய இடத்தில் பிடித்து, இல்லாத இடத்தில் விட்டு, பல ஆண்டுகள் பொறுமையாகச் செய்த வேலை அது. இன்று அவை 20,000க்கு மேல் என்கிறது அந்தப் பிரிவு. காலையில் வேலைக்குப் போகும்போது வீதியோரப் புல்வெளியில் ஏழெட்டாக மேய்வதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2019இல் டொம்ஸ் றிவர் பகுதியில் மூத்தோர் குடியிருப்பு ஒன்றுக்குள் இவை புகுந்து, கார்களைக் கொத்தி, ஆட்களைக் கலைத்து, தொலைக்காட்சிச் செய்தியிலும் வந்தன. பறவையைத் திருப்பிக் கொண்டுவர இந்த மாநிலத்தால் முடிந்திருக்கிறது. அதன் பெயரைத் தாங்கிய குலத்தவர் அப்படித் திரும்பி வரவில்லை.

இப்போது நன்றியறிதல் நாள். பிள்ளைகள் பள்ளியில் படித்துவரும் கதை 1621ஆம் ஆண்டு மசச்சூசெற்ஸ் பிளிமத்தில் நடந்த விருந்து. அது கற்பனை அல்ல. எட்வேர்ட் வின்ஸ்லோ என்பவர் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. அறுவடை முடிந்து, நால்வர் பறவை சுடப் போனார்கள். வம்பனோவாக் மக்களின் தலைவர் மசசோயிற் 90 பேருடன் வந்தார். அவர்கள் ஐந்து மான்களை வேட்டையாடிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மூன்று நாட்கள் விருந்து நடந்தது. சுடப்பட்ட பறவைகளில் வான்கோழி இருந்ததா என்று அந்தக் கடிதம் சொல்லவில்லை, மான் இறைச்சியைத்தான் சொல்கிறது. அந்தக் குடியேற்றக்காரரின் ஒரு பகுதியினர் மத நெருக்குதலால் இங்கிலாந்தை விட்டு ஓடி, ஒல்லாந்தில் பல ஆண்டுகள் அகதிகளாக இருந்து, பிறகு கப்பலேறியவர்கள் என்பதையும் நாம் மறக்கக் கூடாது. கதையின் மறுபாதி பள்ளிப் புத்தகத்தில் சின்னதாகத்தான் வரும். அதே மசசோயிற்றின் மகன் மெற்றாகொம் குடியேற்றக்காரருக்கு எதிராகப் போரிட்டு 1676இல் கொல்லப்பட்டார். அவருடைய தலை பிளிமத்தில் கம்பத்தில் குத்தி வைக்கப்பட்டது. விருந்துக்கும் இதற்கும் இடையில் 55 ஆண்டுகள்தான்.

அதனால்தான் 1970இலிருந்து நன்றியறிதல் நாளன்று பிளிமத்தில் பூர்வீகக் குடிகள் கூடித் துக்க தினம் அனுட்டிக்கிறார்கள். அதைத் தொடங்கியவர் வம்சுற்றா பிராங் ஜேம்ஸ் என்ற வம்பனோவாக் இனத்தவர். சான் பிரான்சிஸ்கோ நேயர்களுக்குத் தெரிந்திருக்கும், அங்கே அல்கற்றாஸ் தீவில் 1975 முதல் அதே நாள் விடியற்காலையில் பூர்வீகக் குடிகளின் ஒன்றுகூடல் நடந்து வருகிறது. விருந்தும் நினைவேந்தலும் ஒரே நாளில் வருவது இந்த நாட்டுக்குப் புதிய விடயம் அல்ல.

1621 விருந்து ஆண்டுதோறும் தொடர்ந்து வரவில்லை. நாட்டளவில் இந்த நாளைக் கேட்டு வாங்கியவர்களில் ஒருவர் எங்கள் மாநிலத்தவர். நியூ ஜேர்சியின் பிரதிநிதி எலியாஸ் பூடினொற் 1789 செப்ரெம்பரில் பிரதிநிதிகள் சபையில் தீர்மானம் கொண்டுவந்தார். அதன்படி ஜோர்ஜ் வாஷிங்ரன் அந்த ஆண்டு நவம்பர் 26ஐ நன்றி செலுத்தும் நாளாக அறிவித்தார். எலிசபெத் நகரில் பூடினொற் வாழ்ந்த வீடு இன்னும் நிற்கிறது. சாரா ஜோசெப்பா ஹேல் என்ற பத்திரிகை ஆசிரியை பல ஆண்டுகள் விடாமல் எழுதி வலியுறுத்திய பின்னர், உள்நாட்டுப் போரின் நடுவில் 1863இல் ஆபிரகாம் லிங்கன் நவம்பரின் கடைசி வியாழனை அறிவித்தார். அதன் பிறகு ஆண்டுதோறும் தொடர்ந்தது.

அடுத்த மாற்றம் என் போன்ற கணக்குக்காரருக்குப் பிடித்த பகுதி. 1939இல் நவம்பரில் ஐந்து வியாழன்கள். கடைசி வியாழன் 30ஆம் திகதி. நத்தார் வியாபாரத்துக்கு நாள் போதாது என்று கடைக்காரர்கள் முறையிட, ஜனாதிபதி ரூஸ்வெல்ற் விடுமுறையை ஒரு கிழமை முன்னுக்குக் கொண்டுவந்தார். சில மாநிலங்கள் ஏற்றன, சில மறுத்தன. ரெக்சாஸ் இரண்டு நாளையும் விடுமுறை ஆக்கியது! குழப்பத்தைத் தீர்க்க 1941இல் கொங்கிரஸ் சட்டம் இயற்றி நான்காம் வியாழன் என்று நிலைநிறுத்தியது. சட்டத்தில் விடுமுறை நாள்தான் இருக்கிறது, பறவை இல்லை. ஆகவே 27ஆம் திகதி வியாழனில் வரும் ஆண்டுகளில் சில குடும்பங்கள் மதியமே சாப்பாட்டை முடித்துவிட்டு மாலையில் விளக்கேற்றுவதையும், சில குடும்பங்கள் விருந்தைச் சனிக்கிழமைக்குத் தள்ளிவிடுவதையும் நான் அறிவேன். இரண்டிலும் ஒரு குறையும் இல்லை.

கடையில் வாங்கும் பறவைக்கு வருவோம். இன்று பண்ணைகளில் வளர்வது பெரும்பாலும் அகன்ற நெஞ்சுள்ள வெள்ளை இனம். வெள்ளை இறகைத் தெரிவு செய்ததற்குக் காரணம், பிடுங்கிய பின் தோலில் கறுப்புப் புள்ளி தெரியாது. நெஞ்சிறைச்சிக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்ததால் உடல் பருத்துவிட்டது. 1960 அளவில் ஒரு பண்ணை வான்கோழியின் சராசரி எடை ஏறத்தாழ 15 இறாத்தல். இப்போது 30 இறாத்தலுக்கும் மேல். காட்டு வான்கோழி பறந்து மரத்தில் ஏறித் தூங்கும். பண்ணைப் பறவையால் பறக்கவும் முடியாது, இயற்கையாக இணைசேரவும் முடியாது. செயற்கை முறைக் கருக்கட்டலால்தான் குஞ்சு வருகிறது. இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. மலிவாக இருப்பதற்குக் கொடுத்த விலை அது.

சின்னக் குடும்பத்துக்கும் சின்ன ஓவனுக்கும் ஏற்ற பறவை வேண்டும் என்று 1930களில் மேரிலாந்தின் பெல்ற்ஸ்வில் அரசாங்க ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு சிறிய வெள்ளை இனத்தை உருவாக்கினார்கள். இங்கே அது சில பத்தாண்டுகளில் வழக்கொழிந்தது. ஆனால் இந்தியாவில் நிலைத்தது. தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் அந்தப் பெல்ற்ஸ்வில் பறவையை நாட்டுக் கறுப்பு வான்கோழியுடன் கலந்து 'நந்தனம் வான்கோழி 1' என்ற இனத்தை உருவாக்கியிருக்கிறது. தமிழ்நாட்டு வெக்கையைத் தாங்கி, வளவுக்குள் மேய்ந்து வளரும்.

விலை பற்றிப் பலர் கேட்கிறீர்கள். ஆண்டு முழுவதும் அவ்வளவாக விற்காத பொருள், எல்லோரும் கேட்கும் ஒரே கிழமையில் விலை ஏறத்தானே வேண்டும்? ஏன் குறைகிறது? இரண்டு காரணம். ஒன்று, இந்தப் பறவைகள் மாதக்கணக்கில் முன்கூட்டியே உறையவைத்துச் சேமிக்கப்படுகின்றன. நவம்பர் தேவைக்கு நவம்பரில் அடிப்பதில்லை. இரண்டு, சுப்பர் மார்க்கெற்றுகள் இதை வாங்கிய விலைக்கோ அதற்குக் குறைவாகவோ விற்கின்றன. நட்டத்துக்கு விற்பது உங்களை உள்ளே இழுப்பதற்கு. வான்கோழி வாங்க வந்தவர் உருளைக்கிழங்கு, வெண்ணெய், கிரான்பெரி, பை, சோடா எல்லாம் அங்கேயே வாங்குவார். நட்டம் அங்கே நிரம்பிவிடும். "இத்தனை டொலருக்குச் சாமான் வாங்கினால் வான்கோழி இலவசம்" என்ற அறிவிப்பும் இந்த வகைதான். உதாரணத்துக்கு 400 டொலர் செலவுக்கு 20 டொலர்ப் பறவை என்றால், அது ஐந்து வீதக் கழிவு. எப்படியும் வாங்க இருந்த சாமான் என்றால் இலாபம். பறவைக்காகத் தேவையில்லாததை வாங்கினால் நீங்கள்தான் கடைக்குக் கழிவு கொடுக்கிறீர்கள்.

அமெரிக்கப் பண்ணையாளர் சம்மேளனம் ஒவ்வோர் ஆண்டும் 16 இறாத்தல் பறவையின் சராசரி விலையைக் கணக்கிட்டு வெளியிடுகிறது. பறவைக் காய்ச்சல் பரவிய 2022இல் அது 28.96 டொலர். 2024இல் 25.67 டொலர். நத்தாருக்கு வேண்டும் என்றாலும் நன்றியறிதல் காலத்திலேயே வாங்கிப் பிறீசரில் வைத்துவிடுவது நல்லது.

பொதியில் எழுதியிருப்பதை வாசியுங்கள். பல உறைந்த பறவைகளுக்குள் உப்புநீர் ஊசிமூலம் ஏற்றப்பட்டிருக்கும். சிலவற்றில் எடையின் 8 வீதம் வரை அது இருக்கலாம். 14 இறாத்தல் பறவையில் ஓர் இறாத்தலுக்கு மேல் உப்புநீருக்குக் காசு கொடுக்கிறீர்கள். காசைவிட முக்கியம், வீட்டில் பிரசர் வருத்தம் உள்ள பெரியவர் இருந்தால் கறிக்கு வழக்கமான உப்பைப் போடக் கூடாது. "ஹோர்மோன் சேர்க்கவில்லை" என்று பெரிய எழுத்தில் போட்டுக் கூட விலை கேட்டால் கொடுக்கவேண்டாம். கோழி, வான்கோழிக்கு ஹோர்மோன் கொடுப்பது இந்த நாட்டில் ஏற்கனவே தடை. உறைந்தது பிடிக்காதவர்கள் பற்றர்சன், நியூவார்க் போன்ற நகரங்களில் உள்ள உயிர்க்கோழிக் கடைகளில் முன்கூட்டியே சொல்லிவைத்தால், அடித்துக் கறித்துண்டாக வெட்டியும் தருவார்கள்.

இனி சமையலறை. உறைந்த பறவையை இரவு முழுவதும் மேசையில் வைத்துக் கரைய விடுவது ஆபத்து. உள்ளே கல்லாக இருக்கும்போதே வெளித்தோலில் கிருமி பெருகத் தொடங்கிவிடும். பிறிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு தட்டத்தில் வைத்து, நான்கைந்து இறாத்தலுக்கு ஒரு நாள் என்று கணக்கிடுங்கள். 14 இறாத்தல் என்றால் ஞாயிறு இரவே பிறீசரில் இருந்து எடுத்துவிட வேண்டும். மறந்துவிட்டால், தண்ணீர் புகாதபடி பையில் கட்டிக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி, அரைமணிக்கு ஒரு தடவை நீரை மாற்றுங்கள். இறாத்தலுக்கு அரைமணி பிடிக்கும்.

அடுத்தது சொன்னால் தாய்மார் என்னோடு சண்டைக்கு வருவார்கள். விவசாயத் திணைக்களம், பச்சை இறைச்சியைக் கழுவவேண்டாம் என்கிறது. நாமோ மஞ்சளும் உப்பும் தேசிக்காயும் போட்டு மூன்று தண்ணீரில் கழுவிப் பழகியவர்கள். ஊரில் கிணற்றடியில் கழுவினோம், தண்ணீர் வாழைக்கு ஓடியது. இங்கே கழுவுவது சலாட் இலை கழுவும் அதே சிங்கில். 2019இல் அந்தத் திணைக்களம் வெளியிட்ட ஆய்வில், கோழியைக் கழுவியவர்களில் 60 வீதமானோரின் சிங்கில் பிறகு கிருமிகள் காணப்பட்டன. அதைக் கழுவித் துடைத்த பின்னும் 14 வீதமானோரின் சிங்கில் கிருமி இருந்தது. கிருமியைக் கொல்வது தண்ணீர் அல்ல, சூடு. மஞ்சளையும் தேசிக்காய்ப் புளியையும் கழுவாமலே பூசி ஊறவிடலாமே. மனம் கேட்காமல் கழுவித்தான் தீரவேண்டும் என்றால், சலாட், பழம் எல்லாவற்றையும் முதலில் முடித்து அப்புறப்படுத்திவிட்டு, மெல்லிய நீரில் கழுவி, பிறகு சிங்கைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கிருமிநாசினியும் போடுங்கள்.

வெந்துவிட்டதா என்பதை நிறத்தைப் பார்த்து நம்பவேண்டாம். பத்துப் பதினைந்து டொலருக்கு ஒரு இறைச்சி வெப்பமானி வாங்குங்கள். நெஞ்சின் தடித்த பகுதியிலும் தொடையின் உட்பகுதியிலும், எலும்பில் முட்டாமல் குத்திப் பார்த்து, 165 பாகை பரனைற் காட்டினால் போதும். நெஞ்சிறைச்சி 165ஐத் தாண்டி நெடுநேரம் இருந்தால் பஞ்சுபோல் காய்ந்துவிடும். "வான்கோழி சப்பென்று இருக்கும்" என்று எம்மவர் சொல்வதற்குக் காரணம் பறவை அல்ல, ஓவனில் விட்ட கூடுதல் ஒரு மணித்தியாலம்.

முழுப் பறவையை வாட்டத்தான் வேண்டும் என்றும் இல்லை. பச்சையாகவே கால், தொடைகளைப் பிரித்தெடுத்து யாழ்ப்பாணக் கறித்தூள், தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைத்து, நெஞ்சை மட்டும் ஓவனில் வைக்கலாம். கால் நடக்கும் தசை, அதனால் கறுத்து, நார் கூடி, கொழுப்பும் கூடி இருக்கும். ஆட்டிறைச்சி போல நேரம் எடுத்து அவிந்தால் சுவை ஏறும். நெஞ்சுக்கு அந்த நேரம் ஆகாது. இரண்டையும் பிரித்தால் இரண்டும் நன்றாக வரும், பிள்ளைகளுக்கு அவர்கள் பள்ளியில் கண்ட மேசையும் பெரியவர்களுக்குப் புட்டோடு கறியும் கிடைக்கும்.

கடைசியாக அம்மம்மாமாரின் வெள்ளிக்கிழமை. மேசைக்கு வந்த இறைச்சி இரண்டு மணித்தியாலத்துக்குள் பிறிட்ஜுக்குள் போய்விட வேண்டும், பெரிய துண்டாக அல்ல, எலும்பை நீக்கி ஆழமில்லாத பாத்திரங்களில். அப்படி வைத்தால் மூன்று முதல் நான்கு நாட்கள் தாங்கும். வெள்ளிக்கிழமை மரக்கறியோடு இருந்துவிட்டுச் சனிக்கிழமை எடுத்தாலும் ஒரு பழுதும் இல்லை. சனிக்கிழமை காலை நெஞ்சிறைச்சியை உதிர்த்து உருளைக்கிழங்கோடு பிரட்டி றோல்ஸ் செய்யலாம், கொத்துரொட்டி போடலாம். எலும்புக் கூட்டை எறிந்துவிடாதீர்கள். பெரிய சட்டியில் போட்டு, மல்லி, மிளகு, சீரகம், உள்ளி தட்டிப் போட்டு இரண்டு மணித்தியாலம் கொதிக்கவிட்டால் நல்ல எலும்பு ரசம். ஒரு பகுதியைக் குடித்துவிட்டு மிச்சத்தை ஆறவைத்துப் பிறீசரில் வையுங்கள். டிசெம்பர் தடிமன் காய்ச்சலுக்கு உதவும்.